வீட்டில் இருக்கும் அம்மா அப்பாவைத் தூரத்திலிருந்து கவனிக்கும் நர்ஸ் பிராக்டிஷனர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஓர் இதய நோய் கிளினிக்கில் நர்ஸ் பிராக்டிஷனராக இருக்கிறேன். வீட்டில் இருக்கும் நோயாளிகளின் எடை, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு எல்லாம் தினமும் காலையில் என் திரைக்கு வரும். தமிழ்க் குடும்பங்கள் கோயிலில், பிறந்தநாள் விருந்தில், வாட்ஸப்பில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நோயாளிகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நர்ஸ் பிராக்டிஷனர் என்றால் யார்? டாக்டரா, நர்ஸா?

நர்ஸ்தான். ஆனால் நர்ஸாகத் தகுதி பெற்ற பிறகு முதுகலையோ முனைவர் பட்டமோ படித்து, தேசிய அளவில் தேர்வு எழுதி, நோயாளியைச் சோதிக்கவும் நோயைக் கண்டறியவும் மருந்து எழுதவும் உரிமம் பெற்றவர். 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து இந்தப் படிப்பைத் தொடங்கினார்கள். டாக்டர் கிடைக்காத பகுதிகளில் இருந்த குழந்தைகளுக்காகத் தொடங்கியது அது.

அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் தனித்தே வைத்தியம் பார்க்கலாம். டெக்சாஸில் அப்படி இல்லை. மருந்து எழுத ஒரு டாக்டருடன் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். உங்கள் மாநில விதி எது என்பதை கிளினிக்கிலேயே கேட்டுக்கொள்ளலாம், தயங்க வேண்டாம்.

வீட்டுக் கண்காணிப்பில் அப்படி என்னதான் நடக்கிறது?

வீட்டுக்கு ஒரு பெட்டி வரும். நோயைப் பொறுத்து அதில் எடை மெஷின், கைப்பட்டையுடன் பி.பி. மெஷின், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இருக்கும். பலவற்றில் செல்போன் சிம் உள்ளேயே இருப்பதால் வைஃபை, ஆப், பாஸ்வேர்டு எதுவும் தேவையில்லை. அம்மா எடை மெஷின்மேல் ஏறி நின்றால் போதும், ரீடிங் தானாக எங்களுக்கு வந்துவிடும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வரம்பு வைத்திருப்போம். ரீடிங் அதைத் தாண்டினால் அந்தப் பெயர் சிவப்பாகும். சிவப்பான பெயர்களை முதலில் அழைப்போம். மற்றவர்களுக்குத் தினமும் அழைப்பு வராது. ஆனால் மாதத்துக்கு ஒருமுறையாவது உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

யாருக்கு இது உண்மையில் தேவை?

இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் இருந்து இப்போதுதான் வீடு திரும்பியவர்களுக்கு முதலில். அடுத்து, மாத்திரை போட்டும் பி.பி. அடங்காதவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிகள். அறுபத்தைந்து வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் ஒருவருக்குக் கண்காணிப்பு தேவையில்லை. ஆரோக்கியமாக இருப்பவர் கையில் தினமும் மூன்று மெஷினைக் கொடுத்தால் கவலைதான் வளரும்.

காலையில் எடை பார்ப்பதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

இதயம் ரத்தத்தைச் சரியாகத் தள்ளாதபோது உப்பும் நீரும் உடம்பில் தங்கும். மூச்சு வாங்குவதற்குச் சில நாள் முன்பே எடை ஏறத் தொடங்கிவிடும். ஒரே நாளில் 2, 3 பவுண்டு, அதாவது சுமார் ஒரு கிலோவோ அதற்கு மேலோ ஏறினாலோ, ஒரு வாரத்தில் 5 பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ ஏறினாலோ அது சாப்பாட்டுச் சதை அல்ல, நீர்.

ஒரு காலை நினைவுக்கு வருகிறது. பொங்கல் முடிந்து இரண்டாம் நாள். எழுபது வயது தாண்டிய ஓர் அம்மாவின் பெயர் சிவப்பில் இருந்தது. முந்தைய நாளைவிட 3 பவுண்டுக்கு மேல் கூடுதல். பி.பி., ஆக்ஸிஜன் இரண்டும் சரி. அழைத்தேன்.

"ஒண்ணும் இல்ல கண்ணு, நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.

நம் அம்மாக்களிடம் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் வரும் பதில் இதுதான். அதனால் நான் அப்படிக் கேட்டு நிறுத்துவதில்லை. "ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுத்தீங்கம்மா?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "படுக்கவே இல்ல, சோபாவுலயே சாஞ்சுட்டேன்." கால் வீங்கியிருக்கிறதா என்றதற்கு இல்லை என்றார். "மெட்டி எப்படி இருக்கு?" என்றேன். "அது இறுக்குதுன்னு நேத்தே கழட்டி வெச்சுட்டேனே!"

படுத்தால் மூச்சடைக்கிறது, மெட்டி இறுக்குகிறது. எண் சொன்னதை இந்த இரண்டும் உறுதிப்படுத்திவிட்டன. சாப்பாட்டைக் கேட்டதில் ஊரிலிருந்து வந்த மாவடு ஜாடி வெளியே வந்தது. வீடியோவில் காலை அழுத்திக் காட்டச் சொன்னேன், விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. நீர் மாத்திரையை மூன்று நாளைக்குக் கூட்டிக் கொடுத்து, பொட்டாசியமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினேன். நான்காம் நாள் எடை பழைய இடத்துக்கு வந்தது. மெட்டியைத் திரும்பப் போட்டுக்கொண்டதாக அவரே அழைத்துச் சொன்னார்.

எடை பார்க்கும் முறை எளிது. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில். மெஷின் கெட்டியான தரையில் இருக்க வேண்டும், கார்ப்பெட்டில் வைத்தால் எண் தப்பாக வரும்.

உப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு டீஸ்பூன் உப்பில் சுமார் 2,300 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. இதய நோயாளிக்கு ஒரு நாள் முழுக்கவே அவ்வளவுதான் எல்லை, பலருக்கு அதைவிடக் குறைவு. சமையலில் உப்பைக் குறைத்துவிட்டு, தட்டில் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு வைத்தால் குறைத்ததற்குப் பலன் இல்லை. அமெரிக்க டயட்டீஷியன் கொடுக்கும் தாளில் சூப், பீட்சா என்று இருக்கும். நம் வீட்டு அயிட்டங்கள் அதில் இருக்காது. நீங்கள்தான் எங்களிடம் சொல்ல வேண்டும்.

பி.பி. மெஷின் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் காட்டுகிறதே?

மெஷின் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யும் முன் பார்க்கும் விதத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். நாற்காலியில் முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் போடாமல். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில். பட்டை வெறும் தோலில் சுற்ற வேண்டும், ரவிக்கைக் கையையோ ஸ்வெட்டரையோ இறுக்கிச் சுருட்டிவிட்டு அதற்குக் கீழே கட்டக் கூடாது. அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருந்தாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும், பேசிக்கொண்டே பார்த்தாலும் எண் ஏறும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள்.

பட்டையின் அளவும் முக்கியம். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பி.பி.யை இருப்பதாகக் காட்டும். மணிக்கட்டு மெஷினைவிட மேல்கை மெஷின் நம்பகமானது. வீட்டில் 130/80-க்குக் கீழே இருப்பதுதான் பெரும்பாலோருக்கு இலக்கு. ஒரு நாள் 144 வந்துவிட்டால் மருந்தை மாற்றிவிட மாட்டோம், ஒரு வாரப் போக்கைப் பார்ப்போம். 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப் போதல் இருந்தால் எங்கள் அழைப்புக்குக் காத்திருக்காதீர்கள். உடனே அமெரிக்க அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள்.

ஆக்ஸிமீட்டர் 95 என்று காட்டினால் நிம்மதியாக இருக்கலாமா?

முழுக்க நிம்மதியாக இருக்க முடியாது. நம் நிறத்துக்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆக்ஸிமீட்டர் விரல் வழியாக ஒளியைச் செலுத்தி, மறுபக்கம் வந்து சேர்வதைக் கொண்டு ஆக்ஸிஜனைக் கணக்கிடுகிறது. தோலின் நிறமி அந்த ஒளியில் குறுக்கிடும். 2020 டிசம்பரில் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், மெஷின் 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் ஆக்ஸிஜன் 88-க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 2021 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வும் இதுபற்றி எச்சரித்தது. அந்த ஆய்வு தென்னாசியர்களைத் தனியாக எடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் கருத்த தோல் கருத்த தோல்தான், ஒளிக்கு ஊர் தெரியாது.

அதனால் நான் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்புவதில்லை. வழக்கமாக 97 காட்டும் அப்பா மூன்று நாளாக 93 காட்டினால், வரம்புக்குள் இருந்தாலும் அழைத்துவிடுவேன். எண் நன்றாக இருந்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினால், மூச்சைத்தான் நம்ப வேண்டும், மெஷினை அல்ல. விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் ரீடிங் தடுமாறும். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள்.

சர்க்கரைக்கும் இப்படிக் கண்காணிக்க முடியுமா?

முடியும். கையில் ஒட்டும் டெக்ஸ்காம், லிப்ரே போன்ற சென்சார்கள் சில நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் காட்டும். 70-க்கும் 180-க்கும் இடையில் நாளின் 70 சதவீத நேரம் இருப்பது பொதுவான இலக்கு, வயதானவர்களுக்குத் தளர்த்துவோம். அவர்களுக்குச் சர்க்கரை ஏறுவதைவிட ராத்திரியில் சட்டென்று இறங்குவதுதான் ஆபத்து.

ராத்திரி 2 மணிக்கு ரீடிங் மோசமானால் யார் பார்ப்பார்கள்?

சேரும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலான கிளினிக்குகளில் ராத்திரியிலும் சனி ஞாயிறிலும் திரையை யாரும் பார்ப்பதில்லை. ஒரு சில இடங்களில்தான் 24 மணி நேரமும் ஆள் இருக்கிறார்கள். நோயாளிகளோ, மெஷின் வந்துவிட்டது, எப்போதும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பிவிடுகிறார்கள்.

நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் ஒரு வெள்ளி மாலை ஒருவருடைய எடை 4 பவுண்டு ஏறியது. அலர்ட் வந்தது. திங்கள் காலை நான் திரையைத் திறந்தபோது அவர் ஏற்கெனவே ஐ.சி.யூ.வில் இருந்தார். ரீடிங் அனுப்பிவிட்டோம், கூப்பிடுவார்கள் என்று வீட்டில் காத்திருந்திருக்கிறார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனாலும் அந்த மூன்று நாளை என்னால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து பெட்டி கொடுக்கும்போது, யார் எத்தனை மணி வரை பார்ப்பார்கள், அதற்கு மேல் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று தமிழிலேயே எழுதி எடை மெஷின்மேல் ஒட்டச் சொல்கிறேன். உங்கள் கிளினிக் சொல்லாவிட்டால் நீங்களே கேட்டு எழுதி ஒட்டுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சு முட்டல், மயக்கம், முகம் ஒரு பக்கம் கோணுதல்: இவற்றுக்கு ரீடிங் எடுக்கவே வேண்டாம், 911-ஐ அழையுங்கள்.

இதனால் உண்மையிலேயே பலன் உண்டா? இல்லை வியாபாரமா?

எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2010-இல் அமெரிக்காவில் 1,653 இதய நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசியை அழைத்து எடையையும் அறிகுறிகளையும் பட்டன் தட்டிச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் அல்லது இறந்தவர்கள் கண்காணிக்கப்பட்டோரில் 52.3 சதவீதம், மற்றவர்களில் 51.5. வித்தியாசமே இல்லை. 2016-இல் கலிஃபோர்னியாவில் 1,437 பேரை வைத்துச் செய்த ஆய்வில் நர்ஸ்கள் ஃபோனில் பேசினார்கள், கருவிகளும் இருந்தன. ஆறு மாதத்தில் மறுசேர்க்கை அப்போதும் குறையவில்லை. பலர் ஒழுங்காகத் தொடரவில்லை. அழைத்த நர்ஸ்கள் மருந்தைத் தாங்களே மாற்றக்கூடியவர்களும் அல்ல.

2018-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வு வேறு மாதிரி. 1,571 நோயாளிகள், ஒரு வருடம். டாக்டர்களும் பயிற்சி பெற்ற நர்ஸ்களும் இரவு பகலாக உட்கார்ந்திருந்த மையத்துக்கு எடை, பி.பி., ஈ.சி.ஜி. எல்லாம் தினமும் போயின. ரீடிங் மாறினால், தேவைப்பட்டால் மருந்தையும் மாற்றுவார்கள். அங்கே இறப்பு விகிதம், ஒரு வருடத்துக்கு 100 பேருக்கு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 11.34, கண்காணிக்கப்பட்டவர்களில் 7.86.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் எனக்குத் தெரிவது ஒன்றுதான். ரீடிங்கைப் பார்க்கிறவர் கையில், அன்றைக்கே மருந்தை மாற்றும் அதிகாரம் இருக்க வேண்டும். நடுவில் "டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றோம்" என்று இரண்டு நாள் போனால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். மருந்து எழுதும் உரிமை உள்ள நர்ஸ் பிராக்டிஷனர் இந்த வேலைக்குப் பொருந்துவது இதனால்தான். பார்க்கிறவரே எழுதுகிறார்.

மெடிகேர் பணம் தருமா?

தரும். மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு; அதில் டாக்டர், கிளினிக் செலவுக்கான பார்ட் பி இதற்குப் பணம் தரும். இந்தக் கண்காணிப்புக்கென்று இப்போதுள்ள கட்டண முறை 2019-இல் வந்தது. டிடக்டிபிள், அதாவது முதலில் நீங்களே கட்ட வேண்டிய தொகை, கழிந்த பிறகு 80 சதவீதம் மெடிகேர், 20 சதவீதம் நீங்கள்; சப்ளிமென்ட் இன்ஷூரன்ஸ் இருந்தால் அது பார்த்துக்கொள்ளக்கூடும். உங்கள் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். ரீடிங் கருவியிலிருந்து தானாகப் போக வேண்டும், நோட்டில் எழுதிச் சொல்வது இந்தக் கணக்கில் வராது. ஒரே மாதத்தில் இரண்டு கிளினிக்குகள் இதற்குப் பில் போட முடியாது. 30 நாளில் குறைந்தது 16 நாள் ரீடிங் வந்தால்தான் கருவிக்குக் காசு என்று விதி இருந்தது. 2026-இலிருந்து 2 முதல் 15 நாள் வரைக்கும் தனிக் கட்டணம் உண்டு. கிளினிக்கிலிருந்து "ரீடிங் வரலையே" என்று அடிக்கடி அழைத்ததற்கு அந்த 16 நாள் கணக்கும் ஒரு காரணம்.

இலவசமாக மெஷின் தருகிறோம், மெடிகேர் நம்பர் சொல்லுங்கள் என்று ஃபோன் வருகிறதே?

வைத்துவிடுங்கள். உங்கள் கிளினிக்கில் உங்களைப் பார்த்தவர் பரிந்துரைக்காமல் இது தொடங்கக் கூடாது. அமெரிக்க சுகாதாரத் துறையின் தணிக்கை அலுவலகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில், இந்தச் சேவையைப் பெற்ற மெடிகேர் பயனாளிகளில் சுமார் 43 சதவீதம் பேருக்கு அதன் மூன்று பகுதிகளும் முழுசாகக் கிடைக்கவில்லை என்று கண்டது. சொல்லிக்கொடுத்துப் பொருத்துவது, கருவி, வந்த ரீடிங்கைக் கொண்டு வைத்தியம் செய்வது: இவைதான் அந்த மூன்று. ஆகவே உங்கள் வீட்டில் கருவி வந்து இரண்டு மாதமாகியும் ஒருவர்கூட அழைத்துப் பேசவில்லை என்றால், பில்லை எடுத்துக்கொண்டு கிளினிக்கில் போய்க் கேளுங்கள்.

அப்பா விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வந்திருக்கிறார். அவருக்குக் கிடைக்குமா?

மெடிகேர் கிடைக்காது. 65 வயது முடிந்து, கிரீன் கார்டோடு தொடர்ந்து ஐந்து வருடம் இங்கே வாழ்ந்தால்தான் காசு கட்டியாவது சேர முடியும். விசிட்டர் இன்ஷூரன்ஸ்கள் பழைய நோய்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. கைக்காசில் நல்ல மேல்கை பி.பி. மெஷின் ஒன்றும் சாதாரண எடை மெஷின் ஒன்றும் வாங்குங்கள். காலண்டரில் தினமும் எழுதி, ஊரில் அவரைப் பார்க்கும் டாக்டருக்கு வாரம் ஒருமுறை படம் எடுத்து அனுப்புங்கள். அவருடைய உடம்பு தெரிந்தவர் அந்த டாக்டர்தான்.

இங்கே கண்காணிப்பில் இருக்கும் அம்மா மூன்று மாதம் ஊருக்குப் போகிறார். நீங்கள் தொடர்ந்து பார்ப்பீர்களா?

எனக்கு ஆசைதான், முடியாது. நோயாளி எந்த இடத்தில் இருக்கிறாரோ அந்த இடத்து உரிமம் வேண்டும். மெடிகேரும் வெளிநாட்டில் இருக்கும்போது இதற்குப் பணம் தராது. மெஷினில் உள்ள சிம்மும் பெரும்பாலும் அங்கே வேலை செய்யாது. போகும் முன் எங்களிடம் சொல்லுங்கள். மருந்துப் பட்டியல், வழக்கமான எடை, கடைசி ரத்தப் பரிசோதனை, எக்கோ ரிப்போர்ட் எல்லாம் ஒரே தாளில் தருகிறேன். மாத்திரை விவரம் பொதுப் பெயரில் இருக்கட்டும். பிராண்டு பெயர் அங்கே வேறாக இருக்கும்.

தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஒரு தகவல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை நோயாளிகளின் வீட்டுக்கே வந்து சோதித்து மாத்திரை கொடுக்கிறார்கள். எந்திரம் ரீடிங் அனுப்புகிற ஏற்பாடு இல்லை அது, ஓர் ஆளே வாசலுக்கு வருகிறார். அத்தை மாமாக்கள் பதிந்திருக்கிறார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நான் ஆபீசில் இருக்கும்போது கிளினிக்கிலிருந்து அழைத்தால்?

மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். அரசு நிதி பெறும் மருத்துவ இடங்கள், மெடிகேர் வாங்கும் கிளினிக்குகள் உட்பட, இதை இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது சட்டம். தமிழுக்கும் ஃபோனில் ஆள் கிடைப்பார்.

பிள்ளைகள் மொழிபெயர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அம்மா "நெஞ்சு என்னமோ கனமா இருக்கு, கிறுகிறுன்னு வருது" என்பார். ஸ்பீக்கரில் இருக்கும் மகன் எங்களிடம் ஆங்கிலத்தில் "கொஞ்சம் டயர்டாக இருக்கிறாராம்" என்பார். வேண்டுமென்று செய்வதில்லை, பயம் அப்படிச் சுருக்கிவிடுகிறது. அம்மா சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள்.

அப்பா இதெல்லாம் வேண்டாம், என்னை உளவு பார்க்கிறீர்கள் என்கிறார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சம்மதம் அவருடையது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம். என்னென்ன போகிறது, யார் பார்க்கிறார்கள் என்று கிளினிக்கை அவரிடமே நேராகச் சொல்லச் சொல்லுங்கள். எடையும் பி.பி.யும்தான் போகின்றன, கேமராவோ அவர் எங்கே போகிறார் என்பதோ இல்லை. பிள்ளைகளின் ஃபோனுக்கும் ரீடிங் போகும்படி வைப்பது தனி முடிவு, அதை அவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ரீடிங் வந்ததும் மகள் அழைத்து "என்ன சாப்ட்டீங்க" என்று அதட்டினால், மறுநாள் அவர் மெஷின் பக்கமே போக மாட்டார். அப்படி நின்றுபோன ரீடிங்குகள் எங்களிடம் நிறைய உண்டு.

எப்போது நிறுத்தலாம்?

எடையும் பி.பி.யும் பல வாரமாக ஒரே நிலையில் இருந்து, மருந்தை மாற்ற வேண்டிய அவசியமே வராமல் போனால் பேசி நிறுத்திவிடலாம். மெஷின் கிளினிக்குக்குத் திரும்பும். திருப்பிக் கொடுக்கும் முன் 20 டாலருக்குள் ஒரு சாதாரண எடை மெஷின் வாங்கி, இரண்டிலும் ஒரே காலையில் ஏறிப் பாருங்கள். இரண்டுக்கும் எத்தனை பவுண்டு வித்தியாசம் என்று குறித்து, அதையும் என்னிடம் சொல்லிவிட்டு மெஷினை அனுப்புங்கள்.